பிளக் வாங்கும்போது பில்லையும் கேளுங்கள்

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூரில் தேங்காயோ காய்கறியோ, செம்பட்டிக்குப் போவது பெரும்பாலும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். மீதுதான். ஆடலூர், பன்றிமலைக்கும் அதே வண்டி ஏறுகிறது. மூட்டையோடு ஏற்றத்தில் போகும்போது எஞ்சின் மிஸ்ஸாகி நின்றால், பின்னால் வரும் பேருந்துக்கு அது தெரியாது. எஞ்சினுக்குப் பொறி தரும் பிளக்கையும் பிளக் வயரையும் அலட்சியமாக விடக்கூடாது என்பது இதனால்தான்.

அந்த வயரில் பாய்வது 10,000 வோல்ட்டுக்கும் மேல். மேலுறை வெடித்திருந்தால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் சேஸிஸுக்குத் தாவும். மழையில் மட்டும் வண்டி மக்கர் செய்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வயரையும் பிளக் கேப்பையும்தான். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள், கசியும் இடத்தில் நீலப்பொறி தெரியும். டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள், வயரையே மாற்றுங்கள். ஓடும் எஞ்சினில் வயரைத் தொடவே வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அருகில் போகாமலிருப்பது நல்லது.

இன்னொரு பழக்கம் என்னை எப்போதும் பயமுறுத்துகிறது. பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேலேயே சாய்த்து, கிக்கரை மிதித்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பார்கள். பிளக் துளை வழியே பெட்ரோல் ஆவி வெளியே பீய்ச்சும், பொறியும் அங்கேயே இருக்கும். தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? துளையை மூடி, பிளக்கைத் தள்ளி வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் பிளக் பொறி விடுகிறது, ஆயிலும் சேர்ந்து எரிகிறது. அதனால் கரி சீக்கிரம் பிடிக்கும். மஸ்டா ஆர்.எக்ஸ்-8 காரின் ரோட்டரி எஞ்சினுக்கும் இதே சிக்கல் உண்டு. அதில் ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக்குகள், இரண்டும் ஒரே வகை அல்ல. இடம் மாற்றிப் போடக்கூடாது.

நம் வண்டிக்கும் 'எல்லா பிளக்கும் ஒண்ணுதான்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த ரகம், பாஷில் எண் கூடினால் சூடான ரகம். தேவைக்கு மேல் சூடான பிளக் பிஸ்டனையே ஓட்டையாக்கிவிடும். வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணைக் காட்டியே வாங்குங்கள். பீங்கானில் அச்சு மங்கலாக இருந்தாலோ, நடு முனை கோணலாக இருந்தாலோ, வாஷர் சட்டென்று கழன்று வந்தாலோ அது போலியாக இருக்கலாம். அட்டையில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், அதிகபட்ச சில்லறை விலையும், தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள். மீறினால் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவு அலுவலரிடம் புகார் தரலாம்.

சின்ன சாமான்தானே என்று பெரும்பாலோர் பில் கேட்பதில்லை. ஏமாற்றுக்காரருக்கு அதுவே வசதி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு குறிப்பிடவில்லை என்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான். காய்கறி ஏற்றிப் பிழைப்பு நடத்தும் வண்டிக்கு வாங்கியது என்பதால் உங்கள் உரிமை போய்விடாது. சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரையும் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது.

பட்டறையில் மாற்றிய பழைய பிளக்கைக் கேட்டு வாங்கி வையுங்கள். போலி என்று தோன்றும் பிளக்கையும் அட்டையோடு பத்திரப்படுத்துங்கள். தேவைப்பட்டால் அதை ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. முதலில் கடைக்காரரிடம் எழுதிக் கொடுங்கள். நியாயம் கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட்டுவிட வேண்டும்.