மூளைப் படத்தில் மின்னுவது எது?

குருகிராமில் குடியிருக்கும் நண்பரின் மகள் பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறாள். மூளையைப் படமெடுக்கும் ஆராய்ச்சியில் அவளுக்கு ஆசை. "அதற்கு டாக்டருக்குப் படித்திருக்க வேண்டாமா, மாமா?" என்று கேட்டாள். வேண்டியதில்லை. இயற்பியல், கணிதம், கம்ப்யூட்டர், உளவியல் என்று எந்த வாசல் வழியாகவும் இத்துறைக்குள் நுழையலாம். ஆனால் அந்தப் படம் எதைக் காட்டுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாதாரண எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைக் காட்டும். எஃப்.எம்.ஆர்.ஐ. மூளையின் செயலைக் காட்டும் என்பார்கள். உண்மையில் அது காட்டுவது ரத்தத்தை. மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்படைந்தால், பிராணவாயு நிறைந்த ரத்தம் தேவைக்கு அதிகமாகவே அங்கே பாய்கிறது. பிராணவாயு ஏற்ற ஹீமோகுளோபினும் அதை இழந்த ஹீமோகுளோபினும் காந்தத் தன்மையில் வேறுபடுவதை 1936-லேயே லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் கண்டறிந்திருந்தனர். அதைக்கொண்டு படமெடுக்கலாம் என்று 1990-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் செய்ஜி ஒகாவா எலிகளை வைத்துக் காட்டினார். 1992-ல் மனிதரிடமும் கைகூடியது. இதற்கு ஊசியும் வேண்டாம், கதிர்வீச்சும் கிடையாது.

ரத்தம் நிதானமாகத்தான் வரும். விரலை அசைத்தால் ஐந்தாறு விநாடி கழித்தே சமிக்ஞை உச்சத்தைத் தொடும். அதுவும் நூற்றுக்கு ஓரிரு பங்கு மாற்றம்தான். ஆகவே அசைக்கச் சொல்லி, நிறுத்தச் சொல்லி, பலமுறை அளந்து, வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அதற்குத்தான் சிவப்பும் மஞ்சளும் பூசுகிறார்கள்.

இந்தக் கணக்குப் பிசகினால் என்ன ஆகும்? 2009-ல் கிரெய்க் பென்னட்டும் அவருடைய சகாக்களும் ஒரு செத்த சால்மன் மீனைக் கருவிக்குள் கிடத்தினார்கள். மனிதர்களின் படங்களைக் காட்டி, 'இவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள்?' என்று மீனிடம் கேட்டார்கள். மீனின் மூளையிலும் சில புள்ளிகள் மின்னின! ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒருசேரச் சோதிக்கும்போது தற்செயலாகச் சில தேறிவிடும். உரிய திருத்தம் செய்ததும் அவை மறைந்தன. இதற்கு 2012-ல் இக் நோபல் பரிசு கிடைத்தது.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல இது. மூளைக் கட்டியை அகற்றுமுன், பேச்சுக்குரிய இடம் எது என்று அறிய இந்தப் படத்தின் உதவியை நாடுவதுண்டு. வீட்டில் தமிழும் வெளியில் இந்தியும் பேசும் நம்மைப் போன்றவர்களை ஒரு மொழியில் மட்டும் சோதித்தால் போதாது. இதை மருத்துவரிடம் நாமே எடுத்துச் சொல்லலாம்.

அதனால் அவளிடம் முதலில் புள்ளியியல் படிக்கச் சொன்னேன். பிறகு பைத்தான். எஃப்.எஸ்.எல்., ஆஃப்னி ஆகிய மென்பொருள்கள் மாணவர்களுக்கு இலவசம். ஓப்பன்நியூரோ தளத்தில் பிறர் எடுத்த படங்களின் தரவுகளும் காசில்லாமல் கிடைக்கின்றன. 2003-ல் அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணித்த தேசிய மூளை ஆராய்ச்சி மையம் மானேசரில்தான் இருக்கிறது. அவள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை.