தாத்தாவின் ரிவால்வருக்கு என்ன விலை?

துப்பாக்கி என்றதும் வாசகர்கள் பயந்து பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இந்தக் கட்டுரையில் யாரும் யாரையும் சுடப் போவதில்லை. ஒருவர் வாங்க விரும்பினார். இன்னொருவர் விற்க வேண்டியிருந்தது. நடுவில் நின்றது நியாய விலை என்ன என்ற கேள்வி. அவ்வளவுதான்.

ராஜபாளையத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். அவருடைய பாட்டனாரிடம் ஒரு ‘வெப்ளி’ ரிவால்வர் இருந்ததாம். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துச் சரக்கு. கொக்கியை விடுவித்தால் குழல் முன்பக்கமாகத் தலைகுனியும்; ஆறு வெற்றுக் கூடுகளும் தாமாகவே வெளியே வந்து விழும். அதைப் போல் ஒன்று வாங்க வேண்டும் என்பது நண்பரின் வெகுநாள் ஆசை. லைசென்ஸ் கிடைத்துவிட்டது. ரிவால்வர்தான் கிடைக்கவில்லை.

எப்படிக் கிடைக்கும்? 1980-களின் நடுவில், தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி தருவிப்பதற்குச் சர்க்கார் தடை போட்டது. விளையாட்டு வீரர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. ஆகவே, அதற்கு முன் வந்து சேர்ந்தவைதான் இன்றும் கை மாறிக் கொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் சில நூறு டாலருக்குக் கிடைக்கும் பழைய வெப்ளிக்கு இங்கே லட்சக் கணக்கில் விலை சொல்கிறார்கள். இரும்பு அதே இரும்புதான். கதவை அடைத்ததால் வந்த கிராக்கி!

பழைய பட்டாளத்து .455 அளவு ரிவால்வர் கிடைத்தாலும் அதற்குத் தோட்டா கிடைப்பது குதிரைக் கொம்பு. நம் நாட்டிலேயே தோட்டா தயாராகும் .32 அளவைத்தான் நண்பர் தேடினார்.

மதுரையில் ஒரு கடையில் பளபளவென்று ஒன்றைக் காட்டினார்கள். விலை ஐந்து லட்சம். நண்பர் மயங்கியே போனார். நல்லவேளையாக, துப்பாக்கி பழுது பார்த்துப் பழகிய ஒரு பெரியவரை உடன் அழைத்துப் போயிருந்தோம்.

“தம்பி, மினுக்கைப் பார்க்காதீங்க. குழலுக்குள்ளே பாருங்க” என்றார் அவர்.

பார்த்தோம். உள்ளே அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது. அந்தக் காலத்துத் தோட்டாக்கள் விட்டுச் செல்லும் உப்பை உடனே துடைக்காவிட்டால் குழலை அரித்துவிடுமாம். தோட்டா உருளையை ஆட்டினால் ஆடியது. அதிலிருந்த நம்பர் ஒன்று. சட்டத்திலிருந்த நம்பர் வேறு! மேலே போட்ட புது முலாம் எல்லாவற்றையும் மறைத்திருந்தது. கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினோம்.

பெரியவர் சொல்லித்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அம்மாளின் வீட்டுக்குப் போனோம். கணவர் காலமாகிவிட்டார். அவருடைய ரிவால்வரை முறைப்படி ஒரு துப்பாக்கி வியாபாரியிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

“ஒருத்தர் வந்தாரு, தம்பி. ‘பழைய இரும்பும்மா, முப்பதாயிரம் தர்றேன். நாளானா சர்க்கார் எடுத்துக்கும்’னு சொல்லிட்டுப் போனாரு. எனக்கு என்ன விலை தெரியும்? பேத்திக்குக் காலேஜ் பீஸ் கட்டணும்” என்றார் அந்த அம்மாள்.

வந்தவர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. குறித்த காலத்துக்குள் விற்காவிட்டால் பறிமுதல் ஆகக்கூடும். ஆனால் அதுவரை விற்கும் உரிமை வாரிசுக்கு உண்டு என்பதை அவர் சொல்லவில்லை!

நான் நண்பரின் முகத்தைப் பார்த்தேன். நாற்பதாயிரம் என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அவரோ, “அம்மா, கான்பூர் சர்க்கார் பாக்டரி 2014-ல் ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரை வெளியிட்டபோதே விலை 1,22,000 ரூபாய்க்கு மேல். உங்களுடையது நல்ல நிலையில் இருந்தால் அதற்குக் குறைத்து யாருக்கும் கொடுக்காதீர்கள், எனக்கும்தான்” என்றார்.

தம் வியாபாரத்தைத் தாமே கெடுத்துக்கொள்கிறாரே என்று நினைத்தேன். மறுவாரம் பெரியவர் குழலைப் பார்த்தார், சுத்தம். உருளை ஆடவில்லை. நம்பர்கள் ஒத்திருந்தன. இரண்டு லட்சத்துக்குப் பேச்சு முடிந்தது. கடையில் கேட்டதில் பாதிகூட இல்லை. அந்த அம்மாளுக்கோ முதலில் சொன்னதைப் போல் ஆறு மடங்குக்கு மேல்.

உடனே கைக்கு வந்துவிடவில்லை. விற்பவர் எழுத்து மூலம் அதிகாரிகளுக்குத் தெரிவித்து 45 நாட்கள் காத்திருக்க வேண்டும். பிறகு லைசென்ஸில் பதிய வேண்டும். நண்பர் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். அதற்குள் அந்த அம்மாளின் பேத்தி காலேஜில் சேர்ந்துவிட்டாள். முன்பணமே பீஸுக்குப் போதுமானதாக இருந்ததாம்.

உங்கள் வீட்டுப் பீரோவிலும் காலமான பெரியவரின் துப்பாக்கி இருக்கிறதா? ஒளித்து வைக்காதீர்கள், அது குற்றம். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ தாமதமின்றி ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு, ‘பழைய இரும்பு’ என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால், விஷயம் தெரிந்த ஒரு பெரியவரை அழைத்துக் குழலுக்குள் பார்க்கச் சொல்லுங்கள்.