எழுத்துத் தொலைந்த ஏடு

நிவித்திகல தோட்டப் பாடசாலையொன்றில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்து இளைப்பாறிய நண்பர் ஒருவர், தோட்டத்துப் பெண்கள் பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் பல்லாண்டு கேட்டுக் கேட்டுக் கணினியில் தட்டச்சிட்டு வைத்திருந்தார். பாடியவர்களிற் பலர் இன்றில்லை. அண்மையில் அவருடைய பழைய கணினி ஓய்ந்துவிடவே, மகன் புதியதொன்றை வாங்கித் தந்தான். பிரதியெடுத்து வைத்திருந்த ஏட்டை அதில் திறந்தால், தமிழைக் காணோம்! ‘அம்மா’ என்றிருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பன வரிசையாய் நின்றன.

பழைய ‘மைக்ரோசொப்ட் ஒஃபிஸ் 2007’ இல்லாததே குற்றமென்று அவர் துணிந்தார். பெட்டியைக் கிளறிக் குறுந்தகட்டை எடுத்தார். புதுக் கணினியிலோ அதைச் செருக வாயில்லை. வெளியே பொருத்தும் கருவியொன்றை இரத்தினபுரியில் இரவல் வாங்கி, உறையிலிருந்த இருபத்தைந்து எழுத்துத் திறவுகோலைப் பூதக்கண்ணாடி கொண்டு படித்து, ஒருவாறு நிறுவினார். அம்மென்பொருளுக்கான ஆதரவு 2017 ஒக்டோபரிலேயே நின்றுவிட்டதை அவர் அறியார். அறிந்திருந்தாலும் விட்டிருக்கமாட்டார்! ஏட்டைத் திறந்தார், மீண்டும் அதே எம், கே.

உண்மையில் தொலைந்தது மென்பொருளன்று. ‘பாமினி’ என்னும் எழுத்துரு. இலங்கைத் தமிழர் பெரிதும் கையாண்ட அவ்வெழுத்துரு, ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின்மேல் தமிழ் வடிவைப் போர்த்தியது. போர்வை நீங்கினால் உள்ளிருப்பது ஆங்கிலமே. 1991இல் வெளிவந்த ஒருங்குறியிலேதான் தமிழெழுத்துக்குத் தனக்கேயுரிய எண்கள் அமைந்தன. ஆயினும் பழக்கம் எளிதில் விடுமா?

நல்லவேளையாகப் பழைய கணினியின் வன்தட்டு உயிரோடிருந்தது. அதிலிருந்து சிறு கோப்பொன்றைப் பெயர்த்து நிறுவினோம், தாலாட்டு மீண்டது. இப்பொழுது அனைத்தையும் ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். இடையிடையே எழுதியிருந்த ஆங்கிலச் சொற்கள் மாற்றியில் அகப்பட்டுப் பொருளற்ற தமிழாகிவிடுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாய்த் திருத்துகிறார். ஒப்பாரிப் பகுதி இன்னும் தொடங்கவில்லை.