விமானம் நம்முடையது, என்ஜின் யாருடையது?

அமெரிக்காவா? ரஷியாவா? இங்கிலாந்தா? பிரான்சா? கூட்டாளி தேடிய கதை

கோவை பக்கம் சூலூரில் இருப்பவர்களுக்கு "தேஜஸ்" போர் விமானத்தின் இரைச்சல் புதிது அல்ல. அங்குள்ள விமானப்படை தளத்துக்கு 2018-ம் ஆண்டு தேஜஸ் வந்தது. 2020-ல் இரண்டாவது தேஜஸ் படைப்பிரிவும் அங்கேயே தொடங்கப்பட்டது.

"நம்ம விமானம்" என்று ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நம்முடையதுதான். பெங்களூரில் செய்தது.

ஆனால் அந்த இரைச்சல் மட்டும் அமெரிக்காவினுடையது! தேஜசுக்குள் இருப்பது அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி என்ஜின்.

இப்போது இதைவிட பெரிய விமானம் செய்யும் வேலை நடக்கிறது. பெயர் "ஆம்கா". ராடார் கண்ணில் எளிதில் சிக்காத விமானம். ஒன்றுக்கு 2 என்ஜின். மாதிரி விமானங்கள் செய்ய 2024 மார்ச்சில் மத்திய அரசு ரூ.15 ஆயிரம் கோடி ஒதுக்கியது.

முதலில் செய்யும் விமானங்களுக்கு அமெரிக்க என்ஜின். அடுத்து வரும் விமானங்களுக்கு சுமார் 12 டன் உந்து சக்தி உள்ள புது என்ஜின் வேண்டும். அதை வெளிநாட்டு கம்பெனியோடு கூட்டு சேர்ந்து செய்ய வேண்டும்.

எந்த நாட்டோடு கூட்டு? அதுதான் கேள்வி.

நாமே செய்தால் என்ன?

"சந்திரனுக்கே ராக்கெட் விடுகிறோம். ஒரு என்ஜின் செய்ய முடியாதா?"

டீக்கடையில் கேட்கிற இந்த கேள்வி நியாயமானதுதான்.

ராக்கெட் என்ஜின் சில நிமிடம் எரிந்தால் போதும், அதன் வேலை முடிந்தது. போர் விமான என்ஜின் அப்படி அல்ல. வருடக்கணக்கில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட வேண்டும்.

அதன் உள்ளே சின்ன சின்ன உலோக தகடுகள் நிமிடத்துக்கு 10 ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கின்றன. அவற்றின் மீது பாயும் வாயுவின் சூடு 1,500 டிகிரியையும் தாண்டும். அந்த உலோகமே உருகிவிடும் சூடு அது!

உருகாமல் இருக்க, தகடு முழுவதையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள். ஊசி முனை போன்ற துளைகள் போட்டு, உள்ளே காற்றை செலுத்தி குளிர வைக்கிறார்கள். இந்த பக்குவம் தெரிந்த நாடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். தெரிந்தவர்கள் லேசில் வெளியே சொல்ல மாட்டார்கள்.

காவேரி என்ஜின்

நம் விஞ்ஞானிகள் முயற்சி செய்யாமல் இல்லை. தேஜசுக்காக 1989-ல் பெங்களூரில் ஒரு என்ஜின் திட்டம் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் "காவேரி".

8 டன்னுக்கு மேல் உந்து சக்தி வேண்டும் என்பது திட்டம். கிடைத்தது சுமார் 7 டன். எடையோ 100 கிலோவுக்கு மேல் கூடிப்போனது.

பறக்கவிட்டு சோதிக்க நம்மிடம் வசதி இல்லை. 2010-ல் ரஷியாவுக்கு கொண்டுபோய், பெரிய சரக்கு விமானம் ஒன்றில் மாட்டி சோதித்தார்கள். அதற்கு முன்பே, 2008-ல், தேஜசில் இருந்து காவேரி கழற்றி விடப்பட்டுவிட்டது.

பழைய காயம்

இது முதல் தடவையும் அல்ல. குர்ட் டாங்க் என்ற ஜெர்மன் நிபுணரை வரவழைத்து, பெங்களூரில் "மாருத்" என்ற போர் விமானம் செய்தார்கள். 1961-ல் அது பறந்தது. அழகான விமானம். ஆனால் அதற்கேற்ற என்ஜின் கிடைக்கவில்லை.

பெரிய என்ஜினை உருவாக்க இங்கிலாந்து கம்பெனி பணம் கேட்டது. நாம் கொடுக்கவில்லை. எகிப்து நாட்டின் என்ஜினை மாட்டிப் பார்த்தார்கள். அதுவும் கைகூடவில்லை. கடைசிவரை சின்ன என்ஜினோடுதான் மாருத் பறந்தது. நினைத்த வேகம் வரவே இல்லை.

யார் எப்படி?

அமெரிக்கா: என்ஜின் தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் 1998-ல் பொக்ரானில் அணுகுண்டு சோதனை நடந்ததும் தடை போட்டது. தேஜஸ் வேலையாக அங்கே போயிருந்த நம் என்ஜினீயர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மீதி வேலையை பெங்களூரில் முடித்து, 2001 ஜனவரி 4-ந்தேதி தேஜசை பறக்கவிட்டார்கள். 2021-ல் 99 என்ஜினுக்கு ஆர்டர் கொடுத்தோம். முதல் என்ஜின் வந்தது 2025 மார்ச்சில்!

ரஷியா: மிக், சுகோய் என்று பல வருட பழக்கம். புது போர் விமானத்தை சேர்ந்து செய்ய 2007-ல் ஒப்பந்தம் போட்டோம். 2010-ல் வரைபட வேலைக்கு நம் பங்காக 29½ கோடி டாலர் ஒதுக்கினோம். தொழில்நுட்பத்திலும் செலவிலும் திருப்தி இல்லை. 2018-ல் விலகினோம்.

இங்கிலாந்து: ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனிக்கு அனுபவம் அதிகம். ஜாகுவார் விமான என்ஜின் அவர்களுடையது. ஆனால் ஜப்பான், இத்தாலியோடு சேர்ந்து புது போர் விமானம் செய்யும் வேலையை 2022-ல் அந்த நாடு கையில் எடுத்துக்கொண்டது.

பிரான்ஸ்: மிராஜ், ரபேல் விமானங்களை விற்ற நாடு. 1998-ல் நம் மீது தடை போடவில்லை. ஆனால் ரபேல் என்ஜினின் சக்தி சுமார் 7½ டன்தான். 12 டன் என்ஜின் அவர்களுக்கும் புதுசு.

எல்லோரையும் எடை போட்டுப் பார்த்த பிறகு, பிரான்சின் சாப்ரான் கம்பெனியோடு சேர்ந்து என்ஜின் செய்யப்போவதாக ராணுவ மந்திரி ராஜ்நாத்சிங் 2025 ஆகஸ்டில் அறிவித்தார்.

பத்திரத்தில்தான் விஷயம்

ஆள் யார் என்பதைவிட, பத்திரத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

வெளிநாட்டு என்ஜினை இங்கே பூட்டுவது நமக்கு புதிது அல்ல. சுகோய் என்ஜினை ஒடிசாவில் உள்ள கோராபுட்டில் பல வருடமாக செய்கிறோம். ஆனால் பிரியாணியை பார்சல் கட்டித் தருவதும், மசாலா பக்குவத்தை சொல்லித் தருவதும் ஒன்றாகிவிடுமா?

தகடு வார்க்கும் ரகசியம் நம் கைக்கு வர வேண்டும். வரைபடத்தின் உரிமை நமக்கு வேண்டும். நாளைக்கு இதைவிட பெரிய என்ஜின் செய்தால், யாரிடமும் அனுமதி கேட்கிற நிலை இருக்கக் கூடாது. இதில் ஒன்று குறைந்தாலும், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நஷ்டம்தான்.

காத்திருக்கவும் நேரம் இல்லை. விமானப்படைக்கு 42 போர் விமான படைப்பிரிவுகள் வேண்டும் என்பது கணக்கு. 2025 செப்டம்பர் 26-ந்தேதி சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்தபோது மிஞ்சியது 29தான்.

எண்ணிக்கை குறைகிறதே என்று அவசரப்பட்டு கையெழுத்து போட்டால், மறுபடியும் பூட்டுகிற வேலைதான் மிஞ்சும். பேசிக்கொண்டே இருந்தால் விமானம் இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் டெல்லி அதிகாரிகள் பேரம் பேச வேண்டியிருக்கிறது.

பேரம் சரியாக முடிந்தால், சூலூர்காரர்கள் என்றாவது ஒருநாள் அண்ணாந்து பார்க்கும்போது, கேட்கிற இரைச்சலும் நம்முடையதாக இருக்கும்.