சண்டிக் குதிரையா, நோகிற குதிரையா?

‘நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு’ என்று எங்கட ஊரில் ஒரு பழமொழி இருக்கு. வேலைக்குக் கள்ளம் செய்யிறவனைக் குத்திக் காட்டச் சொல்லுறது. அந்தக் குதிரையின் பக்கம் நின்று யாரும் அதைச் சொல்லிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கால் நோகுது, அதனால் சறுக்குது. இதில் சாக்கு எங்கே இருக்கு?

பலெர்மோவில், பல்லரோ சந்தையைச் சுற்றிக் குடியிருக்கிற எங்களுக்குக் குதிரை அபூர்வமான பிராணி அல்ல. சுற்றுலாக்காரரை ஏற்றித் திரியும் வண்டிக் குதிரைகளை நாளாந்தம் பார்க்கிறோம். சாந்தா ரோசாலியா அம்மாவிடம் போக நாங்கள் ஏறுகிற மோன்தே பெல்லெக்ரினோ மலையின் அடிவாரத்தில்தான் லா பவோரித்தா பூங்கா இருக்கிறது. அங்கே ஓட்டப் பந்தயத் திடலும் உண்டு, ‘கோப்பா தெல்யி அஸ்ஸி’ போட்டி நடக்கிற தடைதாண்டல் திடலும் உண்டு. எங்கட தலைமுறைக்குக் குதிரை எண்டால் நெடுந்தீவுக் குதிரை, இல்லாட்டி மாணிக்கவாசகர் கதையில் இரவோடிரவாக நரியாய்ப் போன பரி. இங்கே பிறந்த பிள்ளையளோ சேணம் போட்டு ஏறி உட்காருதுகள். பெற்றோர் வேலிக்கு வெளியே நின்று கைபேசியில் படம் பிடிக்கிறோம்.

என் மருமகள் முறையான பிள்ளை ஒருத்தி சவாரி பழகப் போன இடத்தில் ஒரு பெட்டைக் குதிரை நின்றது. தடைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிடும். வாலைச் சுழற்றிச் சுழற்றி அடிக்கும். பழக்குகிறவர் சொன்னது, “ஃபா இ கப்ரிச்சி.” சின்னப் பிள்ளைகள் அடம் பிடித்தால் இத்தாலிக்காரர் சொல்லுகிற அதே சொல். தமிழில் நாங்கள் ‘சண்டி’ என்போம். இரண்டு மொழியிலும் மருந்து ஒன்றுதான்: இன்னும் இரண்டு அடி. பிள்ளைதான் கேட்டாள்: “மாமா, சும்மா நிக்கேக்க அது வால் அடிக்கிறேல்லை. நான் ஏறினால் மட்டும் ஏன் அடிக்குது?” பிறகு மிருக வைத்தியர் ஒருவர் வந்து பார்த்தபோது, சேணத்துக்குக் கீழே முதுகின் ஒரு பக்கத்தைத் தொடவே அது விடவில்லை.

பதின்மூன்று வயதுப் பிள்ளை கேட்ட கேள்வியைத்தான் ஆராய்ச்சியாளர்களும் கேட்டிருக்கிறார்கள். மிலான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எமானுவெலா தல்லா கோஸ்தாவும் கூட்டாளிகளும் காயடிப்புச் சிகிச்சை முடிந்த குதிரைகளின் முகத்தைக் கவனித்து, 2014இல் ஒரு ‘முகச்சுளிப்பு அளவுகோலை’ வெளியிட்டார்கள். விறைத்துப் பின்னால் சாய்ந்த காது, இறுகிய கண், கண்ணுக்கு மேல் தெரியும் இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாய், விறைத்த மூக்குத்துளை என்று ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்லுகிறது அது. ஆனால் அது லாயத்தில் நிற்கிற குதிரைக்கு. ஆள் ஏறியிருக்கும் குதிரைக்கு என்று தனியாக ஒன்று வேண்டியிருந்தது. அதைச் செய்தவர் இங்கிலாந்தின் மிருக வைத்தியர் சூ டைசன். அவருடைய பட்டியலில் 24 நடத்தைகள் உண்டு. அவற்றில் எட்டு அல்லது அதற்கு மேல் ஒரே சவாரியில் தெரிந்தால், எலும்பிலோ தசையிலோ நோவு இருக்க வாய்ப்பு அதிகம்.

சில அடையாளங்கள் வேலிக்கு வெளியே நிற்கிற எங்களுக்கும் பிடிபடும். காதுகள் ஐந்து விநாடி அல்லது கூடுதலாகப் பின்னால் படிந்தே இருப்பது. கண் எதையும் பாராமல் வெறித்து நிற்பது. பத்து விநாடிக்கு மேலாக வாயைத் திறந்து திறந்து மூடுவது, பல் தெரிவது. நாக்கு வெளியே தொங்குவது. வால் ஒரு பக்கமாகக் கோணி நிற்பது. பின்னங்கால் நுனி மண்ணில் இழுபடுவது. சொல்லாமலே நடையை மாற்றுவது. இதில் ஒன்றை மட்டும் கண்டுவிட்டு முடிவெடுக்கக் கூடாது. இலையான் கடித்தாலும்தான் வால் ஆடும். கூட்டிப் பார்க்க வேண்டும்.

“குணமே அப்படி” என்று சொல்லுகிறவர்களுக்கு டைசனின் ஆய்வில் ஒரு நல்ல பதில் இருக்கிறது. நொண்டுகிற குதிரையின் காலில் நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போட்டார்கள். பிறகு அதே ஆளை ஏற்றி அதே வேலையைச் செய்வித்தார்கள். அந்த நடத்தைகள் அப்போதே குறைந்துவிட்டன. குணம் ஊசியில் மாறுமா?

குதிரை இரையாகிற சாதி. நொண்டுவதைக் காட்டிக் கொடுத்தால் புலிக்கு அடையாளம் சொன்ன மாதிரி. ஆகவே முடிந்தவரை மறைக்கும். அது மறைத்தது போக மிச்சத்தை நாங்கள் மறைக்கிறோம். மூக்கைச் சுற்றிக் கட்டுகிற வாரை இறுக்கினால் குதிரை வாய் திறக்க முடியாது. நடுவருக்கு அமைதியான, பணிவான குதிரையாகத் தெரியும். இரண்டு விரல் நுழைய இடம் விட வேண்டும் என்பது பழைய விதி. யாருடைய விரல் என்பதில்தான் சிக்கல்! 2025இல்தான் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் அந்த இடைவெளியை அளக்க ஒரு கருவியைக் கொண்டுவந்தது.

டோக்கியோ ஒலிம்பிக்கை மறந்திருக்க மாட்டீர்கள். 2021 ஆகஸ்டில், நவீன ஐந்திறப் போட்டியில் முன்னணியில் நின்ற ஜெர்மனியின் அன்னிகா ஷ்லோய்க்குக் குலுக்கலில் கிடைத்த குதிரை செயின்ட் பாய். அதற்கு முன் ஏறிய வீராங்கனையிடமும் அது தாண்ட மறுத்திருந்தது. அவர் அழுதபடி சவுக்கால் அடித்ததையும், பயிற்சியாளர் குதிரையைக் கையால் குத்தியதையும் உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்தக் குதிரைக்கு இருந்தது பயமோ நோவோ, அந்த நேரம் அங்கே அதைக் கேட்க ஒரு ஆளில்லை. 2024 பாரிஸ் போட்டியோடு ஐந்திறப் போட்டியிலிருந்து குதிரையையே எடுத்துவிட்டார்கள். எனக்கு அது அரைத் தீர்வாகத்தான் படுகிறது. மற்றக் குதிரைப் போட்டிகள் அப்படியேதான் இருக்கின்றன.

சவாரியையே விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. இதே இத்தாலியில் பெதெரிக்கோ கப்ரில்லி என்ற குதிரைப்படை அதிகாரி இருந்தார். 1907இல் இறந்துபோனார். அவருக்கு முன், தடை தாண்டும்போது பின்னால் சாய்ந்து கடிவாள வாரை இழுத்துப் பிடிப்பதே முறை. குதிரையின் வாயும் இடுப்பும் அதில் அடிபடும். அவர் ஆளை முன்னால் குனியச் செய்து, குதிரையின் தலையை அதன் போக்கில் விட்டார். இன்றைக்கு உலகம் முழுக்கத் தடை தாண்டுவது அப்படித்தான். குதிரையை மாற்றாமல் ஏறுகிறவனை மாற்றினார்.

எங்கட ஆக்கள் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் கேள்வி கேட்கத் தயங்குவோம். பாஷை சரிவராது, ஏதும் நினைப்பார்கள் என்ற கூச்சம். சவாரிப் பள்ளியில் மாதாமாதம் காசு கட்டுகிறோம். சேணம் இந்தக் குதிரைக்கு அளவெடுத்ததா, மிருக வைத்தியர் கடைசியாக எப்போது வந்தார், இலாடம் எப்போது மாற்றினது என்று கேட்கலாம். எடுத்த வீடியோவை வட்சப்பில் ஊருக்கு அனுப்ப முதல், பிள்ளையின் முகத்தை விட்டுவிட்டு ஒருதரம் குதிரையின் காதையும் வாயையும் வாலையும் மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். மீதியைப் பிள்ளையளே கேட்பார்கள். அவர்களுக்கு இத்தாலி மொழி எங்களை விட நல்லாய்த் தெரியும்.