‘ஆம்புலேட்’ என்றால் என்ன?

அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளியின் குறிப்பேட்டில் ‘ஆம்புலேட்’ என்று எழுதுகிறோம். ஆம்புலன்ஸில் வேறெங்கோ அனுப்பப்போவதாக உறவினர் சிலர் அஞ்சுவதுண்டு. அஞ்ச வேண்டா, நடக்கச் செய்க என்பதே பொருள்.

எனினும் இரு சொற்களுக்கும் வேர் ஒன்றே: நடத்தலைக் குறிக்கும் ‘ஆம்புலாரே’ என்னும் இலத்தீன் வினை. படையுடன் இடம்பெயர்ந்த பிரெஞ்சு மருத்துவமனையின் பெயரே பின்னர் ஊர்திக்கு ஆயிற்று. அதே வேரில் பிறந்த ஆங்கில ‘ஆம்பிள்’ நிதானமாக உலாவுதலைக் குறிக்கும். முதலில் குதிரையின் மென்னடைக்கே வழங்கியது.

நாங்கள் வேண்டுவதும் அவ்வுலாவே. தைப்பூசத்திற்குத் திண்டுக்கல் வழியே பழநி செல்வோரின் நடையன்று. படுத்தே கிடந்தால் கால் சிரையில் குருதி உறைந்து, அக்கட்டி நுரையீரலை அடைக்கலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் கூறிய நாளில், செவிலியர் துணையுடன் வராந்தாவரை அழைத்துச் சென்று திரும்புங்கள். தலை சுற்றினால் உடனே அமர வையுங்கள்.