புள்ளி கோடாகத் தெரியும் கண்

(க.பொ.த. உயர்தரம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு மாணவி ஒருத்தி)

எட்டாம் தரத்தில் எனது கணிதக் கொப்பியில் நீல மையை விடச் சிவப்பு மைதான் அதிகம் இருந்தது. விடை பிழைத்திருந்தால் பரவாயில்லை, நான் கணக்கையே பிழையாக எழுதியிருப்பேன். பலகையில் 38 என்று இருப்பது என் கொப்பியில் 33 ஆகிவிடும். 6 என்பது 5 ஆகும். தமிழ்ப் பாடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி விடுபடும். "கவனமில்லை" என்று ஒவ்வொரு தவணை அறிக்கையிலும் எழுதப்பட்டது. நானும் அதை நம்பினேன். உம்மா நேர்ச்சை வைத்தார். வாப்பா தொலைக்காட்சியை நிறுத்தினார். என் கண்ணைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. எனக்குக் கண் தெரியாமல் இல்லையே! வீதியில் வரும் ஆளை அடையாளம் காண்பேன், ஊசியில் நூல் கோப்பேன்.

பத்தாம் தரத்தில் பாடசாலை மருத்துவப் பரிசோதனையின்போதுதான் உண்மை வெளிவந்தது. எனக்கு இருந்தது கவனக்குறைவு அல்ல, 'அஸ்டிக்மட்டிசம்' என்னும் பார்வைக் குறைபாடு. தமிழில் இதைச் 'சிதறல் பார்வை' என்றும் எழுதுகிறார்கள். குறும்பார்வையையும் நீள்பார்வையையும் விஞ்ஞானப் பாடத்தில் படித்து வரைபடமும் கீறுகிறோம். அவற்றுக்கு அடுத்த வீட்டில் இருக்கும் இந்தக் குறைபாட்டைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அதனால்தான் இக்கட்டுரை.

கரண்டியில் ஒரு பரிசோதனை

கண்ணின் முன்புறத்தில், கருமணிக்கு மேலே, கைக்கடிகாரத்தின் கண்ணாடியைப் போல ஒளி புகும் படலம் ஒன்று இருக்கிறது. அதுவே விழிவெண்படலம். நடுப்பகுதியில் அதன் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர்தான். ஆனால் கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை அதுவே செய்கிறது. மீதியைச் செய்வது உள்ளே இருக்கும் வில்லை.

விழிவெண்படலம் ஒரு பந்தின் மேற்பரப்பைப் போல எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வளைந்திருந்தால், ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி விழித்திரையில் மீண்டும் ஒரு புள்ளியாகவே சேரும். சிலருக்கு அது பந்தைப் போல் இல்லாமல் முட்டையின் பக்கவாட்டைப் போல, ஒரு திசையில் கூடுதலாகவும் அதற்குச் செங்குத்தான திசையில் குறைவாகவும் வளைந்திருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள, சமையலறையிலிருந்து பளபளப்பான தேக்கரண்டி ஒன்றை எடுத்து அதன் முதுகுப்புறத்தில் உங்கள் முகத்தைப் பாருங்கள். பிடி கீழே இருக்கும்போது முகம் ஒடுங்கி நீண்டு தெரியும். கரண்டியைப் பக்கவாட்டில் திருப்பினால் அதே முகம் அகன்று தட்டையாகும். கரண்டியின் குறுக்குவாட்டு வளைவு வேறு, நெடுக்குவாட்டு வளைவு வேறு என்பதே காரணம். கரண்டி ஒளியைத் தெறிக்கச் செய்கிறது, விழிவெண்படலமோ முறியச் செய்கிறது. ஆனாலும் ஒரே பரப்பில் இரு வளைவுகள் என்ற அடிப்படை ஒன்றுதான்.

இரு வளைவுகள் இருந்தால் ஒளி ஓரிடத்தில் சேராது. ஒரு வளைவு ஒளியை முன்னே ஒரு கோடாகச் சேர்க்கும், மற்றையது பின்னே, அதற்குக் குறுக்கான இன்னொரு கோடாகச் சேர்க்கும். புள்ளியாக வரவேண்டியது கோடாக இழுபடும். சில வேளைகளில் இந்த வேறுபாடு விழிவெண்படலத்தில் அல்லாமல் உள்ளிருக்கும் வில்லையிலும் இருக்கலாம்.

எழுத்துகள் ஏன் ஏமாற்றுகின்றன?

குறும்பார்வை உள்ளவருக்குத் தூரத்துப் பொருள் முழுவதுமாக மங்கும். சிதறல் பார்வையில் அப்படியல்ல. ஒரு திசையிலுள்ள கோடுகள் கூர்மையாகவும் இன்னொரு திசையிலுள்ளவை மங்கலாகவும் தெரியலாம். பாதி தெரிந்தால் மீதியை மூளை ஊகித்துக்கொள்ளும். "எனக்குத் தெரிகிறது" என்று பிள்ளை சொல்வது பொய்யல்ல. அவள் உலகத்தை எப்போதும் அப்படித்தான் பார்த்திருக்கிறாள். ஒப்பிட்டுப் பார்க்க அவளிடம் வேறு கண் இல்லை.

8இன் இடப்புறம் மங்கினால் அது 3. 'க்' என்பதன் புள்ளி எழுத்தோடு ஒட்டினால் அது 'க'. குர்ஆன் மத்ரஸாவில் ஓதும்போது இன்னும் சிரமம். பா, தா, ஸா என்ற மூன்று எழுத்துகளுக்கும் உடல் ஒன்றே. கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று என்பதே வேறுபாடு. இரண்டு புள்ளிகளும் மூன்று புள்ளிகளும் ஒரே கறையாகத் தெரியும் கண்ணுக்கு, எத்தனை முறை பாடம் கேட்டாலும் தடுமாற்றம் தீராது.

வேறு அறிகுறிகளும் உண்டு. வாசித்துக் கொஞ்ச நேரத்தில் நெற்றியும் கண்ணும் வலிக்கும். தெளிவாகப் பார்ப்பதற்காகக் கண்ணை இடுக்குவோம், தலையைச் சரிப்போம். இரவில் விளக்குகள் வால் முளைத்தாற்போல் நீளும். கினிகத்தேனைப் பக்கமிருந்து மழையிலும் பனிமூட்டத்திலும் இறங்கி வரும் வாகனங்களின் முன்விளக்குகள் எல்லோருக்குமே ஈர்க்குக் கட்டைப் போல விரிந்துதான் தெரியும் என்று நான் பல வருடங்கள் நினைத்திருந்தேன்.

கண்டறிந்த வரலாறு

பார்வை கண்ணிலிருந்து புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகிறது என்று பண்டைய அறிஞர் பலர் கருதினர். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே நாம் பார்க்கிறோம் என்பதைத் தக்க காரணங்களோடு நிறுவியவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' ஒளியியலின் அடிப்படை நூல்களில் ஒன்றாயிற்று.

அதன் பின் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1801இல், தோமஸ் யங் என்ற ஆங்கிலேய அறிஞர் தன் கண்ணிலேயே இக்குறைபாடு இருப்பதை விவரித்தார். நீர் நிரப்பிய சிறு குழாயைத் தன் கண்ணில் பொருத்தி, விழிவெண்படலத்தின் வேலையை நீக்கிப் பார்த்தார். குறைபாடு அப்போதும் நீங்கவில்லை. ஆகவே தன் விடயத்தில் காரணம் உள்ளிருக்கும் வில்லையே என்று முடிவுசெய்தார்.

அறிந்தவர் யங் என்றால், தீர்வு கண்டவர் ஜோர்ஜ் எயரி என்ற வானியலாளர். இவரது இடது கண்ணுக்கு ஒளிப்புள்ளி ஒன்று புள்ளியாகத் தெரியாமல் நீண்டு தெரிந்தது. அட்டையில் ஊசித்துளையிட்டு, அதன் ஒளியை வெவ்வேறு தூரங்களில் வைத்துப் பார்த்தார். ஒரு தூரத்தில் அது ஒரு திசையில் கோடாகவும், இன்னொரு தூரத்தில் அதற்குச் செங்குத்தான கோடாகவும் தெரிந்தது. அந்த அளவுகளைக் கொண்டு கணக்கிட்டு, ஒரு பக்கம் உருளை வடிவமும் மறுபக்கம் கோள வடிவமும் கொண்ட வில்லையைச் செய்வித்து 1825இல் அதனை அறிவித்தார். இன்று என் மூக்கின் மேல் இருப்பது அதே தத்துவம்தான். 'அஸ்டிக்மட்டிசம்' என்ற பெயரைப் பின்னர் சூட்டியவர் வில்லியம் ஹியூவெல். 'புள்ளி இல்லாமை' என்பதே அந்தக் கிரேக்க வேர்ச்சொற்களின் பொருள்.

மருந்துச் சீட்டிலுள்ள மூன்று எண்கள்

கண்ணாடிக்கான சீட்டில் −1.00 / −0.75 × 180 என்பது போல எழுதியிருப்பார்கள். முதலாவது எண் குறும்பார்வைக்கோ நீள்பார்வைக்கோ உரிய கோள வில்லையின் வலு. சய அடையாளம் குறும்பார்வையைக் குறிக்கும். இரண்டாவது எண் 'சிலிண்டர்', அதாவது சிதறல் பார்வையைத் திருத்தும் உருளை வில்லையின் வலு. மூன்றாவது 'அக்ஸிஸ்', அந்த உருளை எந்தச் சாய்வில் அமைய வேண்டும் என்பதைப் பாகையில் சொல்லும் அச்சு. இரண்டாம், மூன்றாம் எண்கள் இருந்தால் உங்களுக்குச் சிதறல் பார்வை உண்டு என்று பொருள். மிகச் சிறிய அளவு பலருக்கும் இருப்பதால் அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

இந்த மூன்றாவது எண்ணைப் பற்றி நம் மாணவியருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண கோள வில்லையைச் சுழற்றினாலும் அதன் வேலை மாறாது. உருளை வில்லை அப்படியல்ல. அது 10 பாகை திரும்பிவிட்டாலே திருத்தத்தில் மூன்றிலொரு பங்கு வீணாகிவிடும். 30 பாகை திரும்பினால் பயன் முழுவதுமே போய்விடும். நாமோ பர்தாவுக்கு மேலால் கண்ணாடியின் கால்களைச் செருகுகிறோம். துணி ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து, கண்ணாடி சரிந்து நிற்கிறது. கால்களைத் துணிக்கு உள்ளே, காதின் மேல் நேராகப் பதியவையுங்கள். வளைந்த சட்டகத்தை நாமே நெளித்துச் சரிசெய்யாமல் கடையில் கொடுத்து நேராக்குங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

ஒரு கண்ணைக் கையால் அழுத்தாமல் மூடிக்கொண்டு, மறு கண்ணால் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். 12-6 திசையிலுள்ள கோடுகள் கறுப்பாகவும் 3-9 திசையிலுள்ளவை சாம்பலாகவும், அல்லது மறுதலையாகவும் தெரிந்தால் சந்தேகிக்க இடமுண்டு. அட்டையில் குண்டூசியால் சிறு துளையிட்டு, அதனூடாக மங்கலான எழுத்தைப் பாருங்கள். தெளிவானால் அது பெரும்பாலும் கண்ணாடியால் திருத்தக்கூடிய குறைபாடே. இவை சந்தேகத்தை எழுப்பும் சோதனைகள் மட்டுமே. முடிவு சொல்ல வேண்டியவர் கண் வைத்தியரே.

ஒரு கண்ணாகப் பார்ப்பது முக்கியம். ஒரு கண் நன்றாகவும் மற்றது பலவீனமாகவும் இருந்தால், இரண்டும் திறந்திருக்கும்போது எதுவும் தெரியவராது. சிறு பிள்ளைகளுக்கு இது ஆபத்தானது. மங்கலான படத்தையே அனுப்பும் கண்ணை மூளை மெல்ல மெல்ல ஒதுக்கிவிடும். இதனைச் 'சோம்பல் கண்' என்பர். ஏழெட்டு வயதுக்கு முன் கண்டுபிடித்தால் நல்ல பலன் கிடைக்கும். காலம் கடந்தால் கண்ணாடி போட்டும் முழுப் பார்வை வராமல் போகலாம். உங்கள் தங்கச்சியின், தம்பியின் கண்ணை இன்றே ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10 ஆகிய தரங்களில் நடைபெறுகிறது. ஒரு முறை தவறவிட்டால் அடுத்ததற்கு மூன்று வருடங்கள். ஏழாம் தரத்தில் அந்த நாளன்று காய்ச்சலில் படுத்திருந்தவள் நான். அந்த மூன்று வருடங்களின் விலைதான் என் கணிதக் கொப்பி. அன்று வரமுடியாமற் போனால் வகுப்பாசிரியையிடம் சொல்லுங்கள், அரசாங்க வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

சில தவறான நம்பிக்கைகள்

கண்ணாடி போட்டால் கண் இன்னும் பழுதாகும் என்பார்கள். உண்மையில் கண்ணாடி ஒளியின் பாதையைத் திருத்துகிறதே தவிரக் கண்ணைப் பலவீனப்படுத்துவதில்லை. மங்கிய வெளிச்சத்தில் வாசித்ததால் வந்தது என்பதும் சரியல்ல. அதனால் கண் களைக்கும், விழிவெண்படலத்தின் வடிவம் மாறாது. கரட்டும் கீரையும் உடலுக்கு நல்லவை, ஆனால் வளைவை அவை நேராக்கா. சுர்மா இடுவதாலும் இது மாறாது. சில சுர்மாக்களில் ஈயம் கலந்திருப்பதால், எதையும் கண்ணில் இடுமுன் விசாரித்தல் நன்று.

ஒரு பழக்கத்தை மட்டும் கட்டாயம் விடவேண்டும். அதுதான் கண்ணைக் கசக்குவது. ஒவ்வாமையால் கண் அரிக்கும்போது தொடர்ந்து பலமாகக் கசக்குவது, விழிவெண்படலம் மெலிந்து கூம்பாக முன்தள்ளும் நோயோடு தொடர்புடையது. பெரும்பாலும் நம் வயதில்தான் அது தலைகாட்டும். அடிக்கடி கண்ணாடியின் எண் மாறினால் தாமதிக்க வேண்டாம். முற்றிய நிலையில் பிறரின் விழிவெண்படலத்தைப் பொருத்தும் சத்திரசிகிச்சையே வழியாகலாம். டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தான இயக்கத்தினால், 1964 முதல் இச்சிறு படலத்தை வெளிநாடுகளுக்கும் அனுப்பிவரும் நாடு நம்முடையது. அந்த அரை மில்லிமீற்றரின் அருமையை நாமே அறியாதிருக்கலாமா?

கடைசியாக ஒன்று. "பொம்பளப் புள்ளைக்குக் கண்ணாடியா? நாளைக்குப் பேசி வரும்போது என்ன சொல்வாங்க?" என்று என் உம்மம்மா கேட்டார். அன்பினால் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, எத்தனை பெண் பிள்ளைகள் கண்ணாடியைப் பைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்! நான் உம்மம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் ஓதும் யாஸீன் கிதாபைத் தூரமாக வைத்து வாசித்துக் காட்டினேன், புள்ளி ஒன்றும் தவறாமல். அவர் ஒன்றும் பேசாமல் என் கண்ணாடியைக் கழற்றி, தன் முந்தானையால் துடைத்து மாட்டிவிட்டார்.

கண்ணாடி போட்ட முதல் நாள், நாவலப்பிட்டி பஸ் நிலையத்தில் நான் நிமிர்ந்து பார்த்தது ஒரு பெயர்ப்பலகையை. 'கினிகத்தேனை' என்றிருந்தது. அதன் நடுவிலுள்ள 'த்' மேல் ஒரு புள்ளி, தனியாக, உருண்டையாக நின்றது. அதற்கு அப்பால் மலையில் தேயிலைச் செடிகள் ஒரே பச்சையாக இல்லாமல் வரிசை வரிசையாகத் தெரிந்தன.

உங்கள் வகுப்பிலும் கணக்கைப் பிழையாகப் பார்த்தெழுதுபவள் ஒருத்தி இருப்பாள். "கவனமில்லை" என்று சொல்லுமுன், அவளிடம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பலகையை வாசிக்கச் சொல்லுங்கள்.